பார்க்காமல் விட்ட இரண்டாவது டெஸ்ட்

இன்று மதியம் எங்கள் லேபுக்கு வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, செய்தித்தாளில் சுற்றிய டப்பாவை என் மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலப் பரிசோதனைக்கு. நிலக்கரித் தூசி படிந்த அந்தக் காகிதத்தைப் பிரிக்கும்போது நீ நினைவில் வந்து நின்றாய்.

அன்று நீயும் முதல் ஷிஃப்ட் முடித்து மைன்ஸிலிருந்து நேராகத்தான் வந்தாய். வயிற்றெரிச்சல், தலைசுற்றல். டாக்டர் ரத்தம், மலம் இரண்டும் பார்க்கச் சொல்லியிருந்தார். ரத்தத்தை முந்தின நாளே எடுத்திருந்தேன்.

"இந்தாடா மச்சான். காலைலேர்ந்து சோத்துப் பையிலயே வச்சிகினு சுத்தறேன். பையப் பாத்துட்டு என்னடா இன்னிக்குக் கொழம்புன்றானுங்க ஷிஃப்ட்டுல."

நான் சிரிக்காமல் டப்பாவைத் திறந்தேன். காய்ந்து போயிருந்தது, டெஸ்டுக்கு உதவாது. குப்பையில் போட்டேன்.

"வேற கொண்டாரட்டாடா?"

"வேணாம். ரத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு."

எச். பைலோரி. இரைப்பையைப் புண்ணாக்கும் கிருமி. காரணம் கிடைத்துவிட்டது, என் வேலை முடிந்தது. ரிப்போர்ட்டில் இரண்டாவது டெஸ்டுக்கு நேரே வெறுமையாக விட்டேன். யாரும் கேட்கவில்லை.

மாத்திரையில் எரிச்சல் நின்றது. ஆனால் நாளுக்கு நாள் வெளுத்தாய். லேப் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க நின்ற உன்னிடம், "பாதியில நிறுத்தியிருப்ப. உனக்கெல்லாம் சொன்னா ஏறாது" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து வைத்தாய். "நீயே பாத்துக்க." ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் யாரோ மலத்தைப் பார்த்தார்கள். கொக்கிப்புழு. மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி, குடலில் ஒட்டி ரத்தம் குடிப்பது. மைன்ஸில் பூட்ஸ் போட்டவன், முந்திரித் தோப்பில் வெறுங்காலோடுதானே நின்றாய். மேலே புண், கீழே புழு. ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்றில்லை. நம் பக்கம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். நான் படித்ததுதான். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே உன் இதயம் நின்றுவிட்டது.

என்னையே எனக்கு அலுத்துவிட்டதுடா. இப்போதும் வருகிறவர்களிடம் கத்தத்தான் செய்கிறேன். அந்தக் குணம் போகவில்லை.

இன்று வந்தவருக்கும் ரத்தத்தில் அதே கிருமி. டப்பாவில் இருந்தது காய்ந்திருந்தது.

"ஷிஃப்ட் முடிஞ்சி வர லேட்டாயிடுச்சுங்க. ரத்தம் பாத்துட்டீங்கல்ல, போதாதுங்களா?"

"போதாது. நாளைக்குப் புதுசா கொண்டாங்க. ஷிஃப்டுக்கு முன்னாடியே வாங்க, அஞ்சு மணிக்குத் திறந்து வைக்கிறேன்."

புது டப்பாவை முனகிக்கொண்டே வாங்கிப் போனார்.

அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை, மச்சான்.