கவிழ்த்து வைத்த கார்

இன்று காலை அப்பாவின் கடையில் ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். அதைச் சுற்றி அடித்திருந்த இரும்புப் பட்டை அறுந்து தரையில் துள்ளியது. துருவும் எண்ணெயும் கலந்த அந்த வாசனையில் உன் விரல்கள் நினைவுக்கு வந்தன. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

நீ செய்த சின்ன மோட்டார் கார் தலைமையாசிரியரின் கண்ணாடி அலமாரியில்தான் இன்னும் இருக்கிறது. அதன் கீழே ஒட்டிய சீட்டில் "தோட்டத்துக் கொல்லர் செய்தது" என்று எழுதியிருக்கிறது. கொல்லரான உன் அப்பா அதில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

மரச்சட்டம் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். தேயிலைப் பெட்டிக்கு அடித்து மிஞ்சிய பட்டைத் துண்டுகளை ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், கேட்டு வாங்கி, உன் அப்பாவின் பட்டறையில் தட்டி நிமிர்த்தினாய். தோட்டத்தை நடத்தும் துரையின் கார்தான் நமக்கு மாதிரி; அதைத் தொட்டு அளக்க நமக்கு ஏது வழி? மழை விட்டதும் சேற்றில் பதிந்த சக்கரத் தடங்களை உன் அம்மாவின் கொழுந்துக்கூடைக் கயிற்றால் அளந்து, கயிற்றை மடித்து மடித்துச் சிறிதாக்கினோம். அளந்த இடம் ஹல்துமுல்லைப் பாதையில் ஒரு வளைவு. வளைவில் பின்சக்கரங்கள் உள்ளே ஒதுங்கி வேறு தடம் போடும் என்று நமக்குத் தெரியவில்லை. முன்சக்கரத்தின் வெளித்தடத்திலிருந்து பின்சக்கரத்தின் உள்தடம் வரை அளந்ததில் அகலம் கூடிப்போனது.

முடித்த சட்டத்தைப் பார்த்து நீதான் முதலில் சிரித்தாய். "ஏ புள்ள, இது காரா, கட்டிலா? துரை படுத்துக்கிட்டுத்தான் போகணும்."

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு முன்னால்தான் பாதை நேராக இருக்கும். அங்கே மறுபடி அளந்தோம். ஆணிகளை வெட்டி, நீளப் பட்டைகளை உள்ளே தள்ளி, புதிய ஓட்டைகள் போட்டாய். பழைய ஓட்டைகளை மெழுகால் அடைக்கலாம் என்றேன்.

"அடைக்காத. அதுவும் நான் போட்ட ஓட்டைதானே."

பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராக வந்த பதுளைக் கனவான் காரைக் கையில் எடுத்தார். "அப்பா நல்லாச் செஞ்சிருக்காரே."

"நான் செஞ்சதுங்க" என்றாய்.

"பொம்பளப் பிள்ளை பொய் சொல்லக்கூடாது. பின்னல் வேலை ஒண்ணும் கொண்டுவரலியா?"

உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சத்தியமா நான் தொடலைங்கய்யா. இவதான் எந்நேரமும் தட்டிக்கிட்டிருந்தா."

"அப்பனும் மகளும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பரிசு ஒரு கைக்குட்டைக்குப் போயிற்று. கார் அந்தச் சீட்டோடு அலமாரிக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சீட்டு மட்டும் போகவில்லை.

இன்று அலமாரியைத் திறந்து, காரைத் தலைமையாசிரியர் முன் கவிழ்த்தேன். "இந்தப் பழைய ஓட்டைகளைப் பாருங்க ஐயா. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுற கொல்லரு வளைவுல போயி அகலம் அளப்பாரா? இது நாங்க பண்ணின தப்பு." நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அந்தப் பிள்ளைதான் இல்லையே. இனி சீட்டை மாத்தி யாருக்கு என்ன?"

இருந்தபோது பொய் சொல்கிறாள் என்றார்கள். இப்போது இல்லையே என்கிறார்கள். எப்போதுதான் உன் பெயரை எழுதுவார்கள்?

நாம் அளந்த கயிறு என் புத்தகப் பையில் இருக்கிறது. அளவுக்கு நீ போட்ட முடிச்சை அவிழ்க்கவில்லை. காரை நான் நிமிர்த்தாமல் வந்துவிட்டேன். அலமாரியில் அது சக்கரங்களும் ஓட்டைகளும் மேலே தெரியக் கிடக்கிறது. யாராவது நிமிர்த்தி வைப்பார்கள். வைக்கட்டும். நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போவேன்.