அக்கா, எனக்கு உதிரம் நின்றது

எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட என் அக்கா தையலுக்கு,

எனக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். இன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள். நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன். உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது.

நீ கண்ணை மூடிய ஆறாம் வருஷம் உன் புருஷனான மாமாவுக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். உன் மகள் பூங்காவனத்தை வேற்றுப் பெண் கையில் விடக் கூடாது என்றார் அப்பா. நானும் சரி என்றேன். உனக்கு இது சம்மதம்தானா அக்கா? எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

பிள்ளை பிறந்த அன்று விடியற்கருக்கலில் எனக்கு வலி கண்டது. மாமா வண்டியில் வைக்கோலைப் பரப்பி மாட்டைப் பூட்டினார். நம் மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

“ஏழு பெத்தேன், எல்லாம் இந்த வூட்டுலதான். ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துப்புடுவாங்கடா.”

“ஒருத்திய இந்த வூட்டுல வச்சுத்தான் பறிகொடுத்தேன். நகருங்கம்மா,” என்றார் மாமா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அத்தை நகர்ந்தார். பிறகு அவரே புடவைத்துணி மூட்டையோடு வண்டியில் ஏறிக்கொண்டார்.

குன்னத்தைத் தாண்டி அரியலூர் போய்ச் சேருவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டது. கரிசல் தடத்தில் வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலிலும் இங்கேயே பெற்றுவிடுவேன் என்று பயந்தேன். தலைப்பிள்ளை அவ்வளவு சீக்கிரம் வராது என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் சோப்புத் தண்ணீர் ஏற்றி வயிற்றைக் கழுவினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நர்ஸம்மா ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “புள்ளைக்கு நெஞ்சு நல்லா அடிக்குது,” என்றார். படுக்கச் சொல்வார் என்று பார்த்தால் நடக்கச் சொன்னார்.

“வலி வந்தா கட்டில் கம்பியப் புடிச்சுக்க. விட்டதும் நல்லா மூச்சு வாங்கு. நான் சொல்லாம முக்காத.”

அவர் சொன்னபடியே செய்தேன். வெயில் தாழும் நேரத்தில் பிள்ளை அழுதான். நஞ்சுக்கொடியும் விழுந்தது. முடிந்தது என்று கண்ணை மூடினேன். அப்போதுதான் வெதுவெதுவென்று கீழே ஓடுவது தெரிந்தது. நிற்கவில்லை. காது அடைத்தது, கை சில்லிட்டது.

“அம்மா, எங்கக்கா இப்புடித்தான் போனா,” என்றேன்.

“நீ போவ மாட்ட. நான் இங்கதான் நிக்கிறேன்,” என்றார் அவர். அடிவயிற்றில் கையை வைத்து மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தார். பெற்ற வலியைவிட அந்த வலி பெரிது. தொடையில் ஊசி போட்டார்கள். பிள்ளையை அப்படியே என் மார்பில் போட்டார்கள். பிள்ளை சப்பினால் கர்ப்பப்பை சுருங்குமாம். கொஞ்ச நேரத்தில் என் கையை எடுத்து அடிவயிற்றில் வைத்து, “பாரு, தேங்கா மாரி கெட்டியாயிட்டு. இனிமே பயமில்ல,” என்றார்.

உதிரம் நின்றது அக்கா. நின்றேவிட்டது.

தண்ணீர் கேட்டேன். பூங்காவனம் பிறந்த அன்றைக்கு நீயும் கேட்டாய். செம்போடு ஓடி வந்த என்னை, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று நிலைப்படியிலேயே நிறுத்தினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இங்கேயும் அத்தை அதையேதான் சொன்னார். நர்ஸம்மா தம்ளரை என் வாயில் வைத்தபடியே, “இவ்வளவு ரத்தம் போன உடம்புக்குத் தண்ணி வேணாமாங்க?” என்று கேட்டார். அத்தை புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் யாரை நினைத்து அழுதார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து அத்தையே எனக்குத் தண்ணீர் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். ஊர் வழக்கப்படி முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லவும் இல்லை.

பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் வயிறு இழுத்துப் பிடித்தது. பிள்ளை வந்தபோது கிழிந்து தையல் போட்ட இடம் ஒன்றுக்குப் போகையில் எரிந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவினால் அடங்கியது. மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. அன்றைக்குக் காரணமே இல்லாமல் அழுதேன். “எல்லாருக்கும் வர்றதுதான், அழுதுட்டுப் போ,” என்றார் நர்ஸம்மா. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: “காய்ச்சல் வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, குறைஞ்ச உதிரம் திரும்ப ஓடினாலோ, நல்ல நேரம் பாத்துக்கிட்டு நிக்காத. ஒடனே வண்டியக் கட்டு.”

ஒன்றும் வரவில்லை. இப்போது கிணற்றடி வரை நடக்கிறேன்.

நேற்று பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் கதவோரம் நின்று பார்த்தாள். எட்டு வயதாகிறது, உன் நெற்றி அப்படியே இருக்கிறது.

“சித்தி, எங்கம்மாவ நான்தானே முழுங்கினேன்?”

“யாரு சொன்னா?”

“தெருவுல சொல்றாங்க.”

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முன்பு கேட்டிருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், வேறென்ன தெரியும் எனக்கு? இப்போது சொல்லத் தெரிந்தது. “புள்ள பொறந்த பொறவு கர்ப்பப்பை சுருங்கணும் கண்ணு. அப்பத்தான் உதிரம் நிக்கும். எனக்கும் சுருங்கல. அமுக்கிவிடத் தெரிஞ்ச கை பக்கத்துல இருந்துச்சு, பொழைச்சேன். உங்கம்மாவுக்கு அந்தக் கை கெடைக்கல. நீ ஒண்ணுமே பண்ணல.”

தம்பியின் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, “அப்ப தம்பிய நான் தொடலாமா?” என்று கேட்டாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனை அவள் மடியில் தூக்கி வைத்தேன். அவனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுப்படியிலிருந்து அத்தையும் பார்த்தார்.

அம்மாவை முழுங்கினவள் என்ற அந்தச் சொல்லை இனி இந்தத் தெருவில் யார் சொன்னாலும் அவர்கள் வாசலுக்கே போய், நடந்தது இதுதான் என்று சொல்லிவிட்டு வருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கை, உன் மகளுக்குச் சித்தி,
அஞ்சலை