பின்சீட்டுக் கனம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அங்கே குளிர் குறைந்து உன் இருமலும் விட்டிருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போயிருப்பேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நீ கூப்பிட்டால் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் காதோடு காது வைத்து நிற்கிறாள், அப்புறம் எங்கே தனியாகப் பேசுவது. வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டிருக்கிறேன், செயினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார், அது முடிகிறவரை இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் கிரீஸ் ஒட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே, உன் பழைய கணக்கு நோட்டை விடச் சுத்தமாகத்தான் இருக்கும்.

மாடிக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. எதிர்வீட்டு டீச்சர் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார், ஓட்டப் பழகுகிறேன் என்று நம் கேட்டை இரண்டு தடவை இடித்துவிட்டு, கேட்டுதான் குறுக்கே வந்தது என்பதுபோல் அதைப் பார்த்து முறைக்கிறார். எனக்கு எப்போதும்போல பைப் கம்பெனி ஸ்டோர்தான், காலையில் அம்மாவைத் தையல் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறேன், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, யூனிபார்ம் குவிந்து கிடக்கிறது, அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு வரை போய், மதகு ஓரம் உட்கார்ந்து பிளாஸ்கில் இருக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவோம், அதுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

போன தடவை நீ வண்டியை விற்கச் சொன்னாய் அல்லவா, உங்களுக்கு வயசாகுது, காது மந்தம், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும் என்று. நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீ போனை வைத்தவுடன் உன் அம்மா உன் கட்சியில் சேர்ந்துகொண்டாள். நான் நாலு வார்த்தை சொல்ல, அவள் எட்டு வார்த்தை சொல்ல, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசாமலேயே கிளம்பினோம். எங்கள் சண்டையெல்லாம் அப்படித்தான், சாப்பாடு உண்டு, வண்டிச் சவாரி உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. உனக்கு இன்னொன்றும் தெரியும், அம்மா பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தால் என் தோளைப் பிடிக்கமாட்டாள், கம்பியைத்தான் பிடிப்பாள். ஏறி உட்கார்ந்ததும் "ம்" என்பாள். எத்தனை பெரிய சண்டையிலும் அந்த ஒரு "ம்" மட்டும் நிற்காது, அதைக் கேட்ட பிறகுதான் நான் கிளட்சை விடுவேன். அதுதான் எங்களுக்குப் பச்சை விளக்கு.

போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அவள் இறங்கி ஓரமாக நின்றாள். பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஸ்டார்ட் பண்ணினேன். பின்னால் "ம்" என்று கேட்டது. கிளட்சை விட்டேன், போய்விட்டேன். அது உன் அம்மா இல்லை பாப்பா, எனக்கு அடுத்து வரிசையில் நின்ற யாரோ ஒரு மனுஷன், நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று, நகருய்யா என்பதற்குப் பதிலாக "ம்" என்றிருக்கிறான். உன் அம்மா அங்கே கை காட்டிக் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. காது மந்தம் என்று நீ சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர் தாண்டி ரோடு காலியானதும் சமாதானம் பேசலாம் என்று நானே ஆரம்பித்தேன். இந்த வண்டியை நான் ஏன் விடமாட்டேன் தெரியுமா என்று தொடங்கி, பஸ் ஏறி வேலைக்குப் போனால் அரை நாள் ரோட்டிலேயே போய்விடும், உன்னை யார் கடையில் கொண்டுபோய் விடுவது, மழையில் நனைந்தாலும் நம் இஷ்டத்துக்கு நனையலாம் என்றெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டே போகிறேன். பதில் இல்லை. சரி, இன்னும் கோபம் தணியவில்லை என்று குரலை இறக்கிக் கொஞ்சம் கெஞ்சவும் செய்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் ஏன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள் என்பது அப்புறம்தான் விளங்கியது. மதகு ஓரம் நிறுத்தி, இறங்கு என்று சொல்லித் திரும்பினால் சீட்டுக் கம்பியில் பிளாஸ்க் பை மட்டும் தொங்குகிறது.

பங்கில் விட்டுவிட்டேன் என்று முதலில் தோன்றவே இல்லை, வழியில் எங்கோ விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வண்டியைத் திருப்பி ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு சிமெண்ட் மூட்டை கிடந்ததைப் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கடைசியில் பங்குக்கு வந்தால் மகராசி காற்றடிக்கிறவரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே வேலை செய்யும் பெண்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "யாரைக் கூட்டிட்டுப் போனீங்க? இறக்கி விட்டாச்சா?" என்று கேட்டாள். பங்கே சிரித்தது. என் மானம் கப்பலேறியது, ஆனாலும் அவள் முழுசாக இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

விட்ட டீயைக் குடிக்க அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி அணைக்கட்டுக்கே கிளம்பினேன், சிரிப்பு அங்கே போகிறவரைகூட நிற்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு முன்னால் அந்தப் பெரிய வேகத்தடை இருக்கிறதே, அதில் நாங்கள் இரண்டு பேராக ஏறி இறங்கினால் பின்சக்கரத்து மட்கார்டு "டொக்" என்று இடிக்கும், நீ சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை போகச் சொல்வாய். அன்று அவளைத் தேடித் தனியாக வந்தபோது அது இடிக்கவில்லை, அது நியாயம். அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி போகும்போதும் இடிக்கவில்லை. கொஞ்ச மாதமாகவே இடிப்பதில்லை, மெக்கானிக் புது ஸ்பிரிங் போட்டாரே, அதன் மகிமை என்று கண்ட இடத்தில் எல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது. ஆள் இல்லாத வண்டிக்கும் உன் அம்மா உட்கார்ந்த வண்டிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் பின்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலே என் கைக்குத் தெரியும். அவளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போயும் தெரியவில்லை என்றால் அதற்குக் காது மட்டும் காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம், பார்க்காமலே இருந்திருக்கிறேன். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. தையல்காரி இல்லையா, ரவிக்கையை எல்லாம் அவளே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், தொளதொளவென்று இருந்திருந்தால் எனக்கு எப்போதோ கண்ணில் பட்டிருக்கும். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனாலும் இளைக்கிறாள். ஊசியில் நூல் கோர்க்கக் கை நடுங்குகிறது, கடைப் படி ஏறினால் படபடவென்று வருகிறதாம், இதையெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். கடைக்கு வருகிற பெண்கள் எல்லாம் எப்படி இளைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க என்கிறார்களாம், இவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை. நீயும் போனில் "அம்மா சூப்பரா இருக்க" என்றாய். அதற்காக மனசு கஷ்டப்படாதே, கூடவே இருக்கிற நான் கண்டுபிடிக்காததைச் சின்னத் திரையில் முகத்தை மட்டும் பார்க்கிற நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்.

டாக்டரிடம் போகலாம் என்றால் அசைகிறாளா? வயசானால் இளைக்கத்தான் செய்யும் என்றாள், யூனிபார்ம் முடியட்டும் என்றாள், போனால் இல்லாததை எல்லாம் சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்றாள். நான் விடாமல் நச்சரித்தேன். நேற்றுச் சாயங்காலம் வீட்டு மேஜையில் துணி வெட்டிக்கொண்டே, என் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க வண்டியை வித்துடுங்க, நான் டாக்டர்கிட்ட வர்றேன். பாப்பாவும் அதைத்தானே கேக்கறா" என்றாள். அதைச் சொன்னால் நான் மல்லுக்கு நிற்பேன், அதில் பழைய பேச்சு அமுங்கிவிடும் என்று அவள் கணக்கு. நான் யோசிக்கவே இல்லை. "வித்துடறேன், வியாழக்கிழமை கிளம்பு" என்றேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்று கேட்டாள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் நம்பியிருக்கமாட்டாள். எழுந்து போய் டீப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன், அவளும் மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். ஆட்டோ சொல்கிறேன் என்றேன், "விக்கிற வரைக்கும் நம்ம வண்டிதானே, அதுலயே போவோம்" என்கிறாள். வண்டியைத் தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டிருக்கிறார், நல்ல மனுஷர், பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் இந்தக் கழுவலும் துடைப்பும். மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவர் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறார். எனக்கு வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. சாதாரணமாகவும் இருக்கலாம், மாத்திரையில் சரியாகிவிடலாம், எதிர்வீட்டு டீச்சரின் அக்காவும் இப்படித்தான் இளைத்து இப்போது நன்றாக இருக்கிறாராம். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளை புதிதாக வண்டி ஓட்டுகிறார் என்றாயே, பனியில் மெதுவாகப் போகச் சொல். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. அடுத்த தடவை கூப்பிடும்போது எப்படிம்மா இருக்க என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள், போனை அப்பாகிட்டக் கொடுத்துட்டு எழுந்து நில்லும்மா, உன்னை முழுசாப் பார்க்கணும் என்று சொல். பார்த்துவிட்டு அழாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேர் மனசிலும் எப்போதும் இருப்பது.

மறந்துவிடாதே, உன் ஆபீசில் லீவு கிடைக்குமா என்று கேட்டு வை. வா என்று சொல்லவில்லை. கேட்டு மட்டும் வை.

இப்படிக்கு,
உன் அப்பா