மீன் பார்க்கப் போற கணக்கில் விட்ட பிழை

தோகா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுலோஜனாவுக்கு,

நீரும் பிள்ளையளும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க நயினை அம்மாள் துணையிருப்பா. நான் சுகம். போன கிழமை வேலையில ஏணி வழுக்கி, கால் கொஞ்சம் வீங்கினது. இப்ப நடக்கிறன், யோசிக்காதையும். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

இந்த வருசமும் எனக்கு லீவு இல்லையெண்டபடியால், நீங்கள் மூண்டு பேரும் கொழும்பில மீன் காட்சிச்சாலை பார்க்கிற செலவை அறையில படுத்திருந்துதான் எழுதி அனுப்பினனான். ரயில், லொட்ஜ், நுழைவுச்சீட்டு, சின்னவன்ர ஐஸ்கிறீம் எல்லாம் போட்டு, நாப்பதாயிரத்துக்குள்ள முடிச்சிட்டன் எண்டு பெருமையாய் இருந்தனான். உம்மட போனில இருந்து மகள் தர்சனா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "திரும்பி வரேக்க இரவு ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில இறங்கினா எங்கட நயினாதீவுக்கு வள்ளம் இல்லையே. அப்பாவுக்குத் தெரியாதோ?"

முப்பது வருசம் கடைசி வள்ளத்தைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு அலுவலையும் முடிச்சனான். இங்க வந்த ஆறு வருசத்தில மறந்துபோனன், சுலோ. கால் நோவு பெரிசில்லை, இதுதான் குத்துது.

போனில சொன்னால் பிள்ளைக்குக் கேட்கும் எண்டுதான் எழுதுறன். அண்டிரவு யாழ்ப்பாணத்தில தங்க இன்னும் ஐயாயிரம் சேர்த்து, என்னோட வேலை செய்யிற, லீவில ஊருக்கு வாற பரராசசிங்கம் அண்ணையிட்ட இந்தக் கடிதத்தோட குடுத்துவிடுறன். அவர் பையைக் கட்டிப்போட்டு வாசலில நிக்கிறார்.

ஒரு உதவி. குறிகட்டுவான் துறையில வள்ள நேரம் எழுதியிருக்கிற பலகையைப் படம் எடுத்து அனுப்பும். எதுக்கெண்டு தர்சனா கேட்டால், ஊருக்குப் புதுசாய் வாற ஒரு ஆளுக்கு எண்டு சொல்லும்.

உம்மட
கோபிசங்கர்