ஒரு கப்பலுக்கு ஒரு புகை

கெராமா தீவு,
ஒன்பதாம் மாதம்

பிரியமுள்ள மனாபிக்கு,

காற்றுக்காக இரண்டு கப்பல்களும் இங்கே காத்துக் கிடக்கின்றன. நான் இருப்பது இரண்டாவதில். நம் அரசர் சீனப் பேரரசருக்கு அனுப்பும் கந்தகம் கப்பலின் அடிவயிறு முட்ட இருக்கிறது. சோற்றில்கூட அந்த வாடைதான்! ஆனாலும் மனசு துள்ளுகிறது, உன்னிடம் எதற்கு மறைக்க?

நாஹா துறையில் எல்லார் பெண்டாட்டியும் பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். "உன் வீட்டுக்காரி எங்கடா? பன்னிக்குட்டிய விட்டுட்டு வர மனசில்லையோ?" என்று சுக்கான்கார அண்ணன் கேலி பண்ணினார். சிரித்து வைத்தேன். மீன் படகில் ஒரு வரியாவது எழுதி அனுப்பு.

உன் சன்ரா

நாஹா,
அதே மாதம்

என் வீட்டுக்காரருக்கு மனாபி எழுதுவது.

நான் சொல்ல என் அண்ணன் எழுதுகிறார். அதனால் திட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அப்பாவைக் கொண்டுபோன கடலுக்கு முன்னால் நின்று என்னால் பாட முடியாது. அதனால்தான் வரவில்லை. போகாதீர்கள் என்று இப்போதும் சொல்கிறேன். காற்று திரும்பினால் நிற்கமாட்டீர்கள் என்றும் தெரியும்.

வெல்லக்கட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். நம் குழந்தை கனா நன்றாகத் தவழ்கிறாள். என் கோபம் தீரவில்லை.

மனாபி

குமே தீவு,
மறு வருடம், ஆறாம் மாதம்

மனாபி! உயிரோடு இருக்கிறேன்! முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

சீனாவிலிருந்து திரும்பும்போது புயல் பெரிய பாய்மரத்தை முறித்துவிட்டது. முதல் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. சுக்கான்கார அண்ணனுக்குக் கை ஒடிந்ததால் சுக்கான் என் கைக்கு வந்தது. விடியும்போது எதிரே குமேயின் பாறைகள்! நடுவே ஒரு சின்ன வழி.

"எடப்பக்கம்டா சன்ரா, எடப்பக்கம்!"

"கத்தாதீங்கண்ணே, என் காது நல்லாத்தான் இருக்கு!"

உள்ளே வந்துவிட்டோம். ஒருவர்கூடச் சாகவில்லை. எங்களோடு வந்த அரசரின் தூதர் பட்டு உடையோடு மணலில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் வள்ளிக்கிழங்கு கேட்டு வாங்கித் தின்றார்.

நாஹாவிலிருந்து புது மரம் வரும்வரை இங்கேதான் இருப்போம். அடுத்த பயணத்துக்கு என்னையே சுக்கான்காரனாக இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று இன்னும் சொல்லவில்லை. நீ சொல்.

சன்ரா

நாஹா துறை,
ஆறாம் மாதம்

என் சன்ராவுக்கு,

கப்பல் திரும்புவதைக் கண்டால் காவல்காரர்கள் புகை போடும் மலையில் ஒரே ஒரு புகைதான் எழுந்தது. ஒரு கப்பலுக்கு ஒரு புகை. ஊரே கரைக்கு ஓடியது. நான் வாசலிலேயே நின்றேன். முதல் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அக்கம்பக்கத்தார் சாவு வீட்டுக்கு வருவதுபோல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் உங்கள் கடிதம். அண்ணன் முதல் வரியைப் படித்ததும் அடுப்பில் இருந்த சோற்றை மறந்து தெருவில் ஓடினேன்!

பாய்மரம் ஏற்றிய படகு நாளைக் காலை குமேக்குக் கிளம்புகிறது. நானும் கனாவும் அதில் வருகிறோம். "பொம்பளைய ஏத்தினா கடல் கோவிச்சுக்கும்மா" என்றார் படகுக்காரர். "நானே அதுமேல கோவமாத்தான் இருக்கேன். ரெண்டும் சரியாப் போயிடும், தள்ளுங்க" என்றேன்.

சுக்கானைப் பிடியுங்கள். நான் வேண்டாம் என்றால் வீட்டில்தான் இருப்பீர்கள். ஆனால் அந்த முகத்தை என்னால் தினமும் பார்க்க முடியாது. பயம் எனக்குப் போகவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் வேகப் படகில் முன்னால் வரும். உங்கள் மகளோ இப்போதே பாய்க்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். விடுவித்தால் அழுகிறாள்.

மனாபி