சகாயம் அக்காவின் குழியில் அப்பாவுக்கு ஓர் இடம்

வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும், பஸ் ஸ்டாப் வரைக்குமாவது வந்து எனக்குக் காராச்சேவு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போன என் சகாயம் அக்காவுக்கு,

இன்றைக்கு ஈஸ்டர். காலைப் பூசை முடிந்து வந்து சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை. கடையைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பண்டிகை நாளில் எவன் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றித்தரச் சொல்லி வரப்போகிறான்? என் வீட்டுக்காரி ஸ்டெல்லா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். எடுக்கவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அப்பா இன்னும் இருக்கிறார். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடை. கோயில் உபதேசியார் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஊரில் யார் செத்தாலும், சாமியார் வந்து குழியை மந்திரிக்கும்வரை யார் ஜெபம் சொல்வது என்று இவரிடம்தான் கேட்கிறார்கள். நாற்பது வருடமாக இந்த ஊரில் ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் நின்று உத்தானத்தை, செத்தவர்கள் உயிர்த்தெழுவதைப் பற்றிச் சொன்ன மனுசன் அவர். உன் குழிக்கு மட்டும் வரவில்லை.

போன வாரம் குருத்து ஞாயிறு அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சகாயம் குழியில போடு" என்றார்.

நம் கல்லறைத் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். இடம் போதாது. ஒரே குடும்பத்தாருக்கு ஒரே குழி. பழைய குழியைத் தோண்டி, எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, மேலே புதுப் பெட்டியை இறக்குவார்கள். பெண்டாட்டி குழியில் புருசன், அப்பன் குழியில் மகன். ஊரே அப்படித்தான். அப்பாவுக்கு அம்மா குழி இருக்கிறதே என்று கேட்டேன்.

"ஒங்க ஆத்தாகிட்ட எனக்குப் பேச வேண்டியது ஒண்ணும் மிச்சமில்லடா. இவகிட்டதான் இருக்கு. ஆண்டவர் எழுப்புற அன்னிக்கு அவ கண்ணு முழிக்கையில நான் பக்கத்துல இருக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "அவ உசுரோட இருந்தப்ப அரை மணி நேரப் பஸ்சு ஒங்களுக்குத் தூரமா இருந்துச்சு. செத்த பொறவு அவ மேலயே போயிப் படுக்கணுமாக்கும். நீங்க எந்திரிச்சு வழி விட்டாத்தான் அவ எந்திரிக்கணும், அங்கயும் அவள மறிச்சுக்கிட்டே கெடக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா, அந்தக் கோபம் யார் மேல் உள்ள கோபம் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. உனக்குத் தெரியாமலே நீ போய்விட்டாய். ஏழு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது இது.

நீ கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து என்ன சொன்னாய்? "அப்பாவ ஒரு தடவ வரச் சொல்லுடா. பேச வேணாம். சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டும்." சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். முருகேசன் மச்சான் பேரை எடுத்தாலே அவர் முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், வேற்று மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்ற அந்த ஒன்றுதானே எல்லாவற்றுக்கும் காரணம். திட்டுவாரே, திட்டினால் அதை நான் எப்படி உன்னிடம் வந்து சொல்வது என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது நீ கேட்டாய். "ஞாயித்துக்கெழம வாரேன்னாரு" என்று சொல்லிவிட்டேன். எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வந்ததோ அந்தப் பொய். உன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தலை சீவச் சொல்லி, நீலப் புடவையைச் சுற்றச் சொல்லி, வாசலைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாயாம். மணி நாலு ஆகியும் கஞ்சி குடிக்கவில்லையாம். உன் மகள் கயல்தான் பிற்பாடு சொன்னாள். புதன்கிழமை நீ இல்லை.

மச்சான் உன் ஆசைப்படியே உன்னை நம் ஊருக்குக் கொண்டுவந்தார். அடக்கத்துக்கு அப்பா வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். நான் தெருவில் நின்று ஊர் பார்க்க அவரைத் திட்டிக் கத்தினேன். அன்றிலிருந்து ஊருக்கு நான் நல்ல தம்பி, அவர் கல்நெஞ்சக்காரர். உன் மகளுக்கோ அவர், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர். கயல் இப்போது நர்சிங் படிக்கிறாள், விவரமான பிள்ளை. தாத்தா என்ற சொல்லையே அவள் வாயில் நான் கேட்டதில்லை.

பெரிய வெள்ளி முழுக்க இது என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் சரீரம் உயிர்த்தெழும் என்று சத்தமாகச் சொல்கிறேனே, அப்படி ஒரு நாள் நிசமாகவே வந்தால் என்ன ஆகும்? நீயும் அப்பாவும் ஒரே குழியிலிருந்து எழுந்து உட்கார்வீர்கள். "ஏன்ப்பா வரல?" என்று கேட்பாய். "நீ எப்ப கூப்பிட்ட?" என்பார். அப்புறம் இரண்டு பேரும் திரும்பி என்னைத் தேடுவீர்கள். எல்லோரும் ஆசையாகக் காத்திருக்கும் நாள், எனக்கு மட்டும் வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்றைய பிரசங்கத்தில் சாமியார் ஒரு சின்ன விசயம்தான் சொன்னார். ஆண்டவர் உயிர்த்து வந்தபோது அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தவர்கள் எல்லாம் அவரை விட்டு ஓடியவர்கள். அவர் ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை, சமாதானம் சொன்னார். ஆனால் கையிலிருந்த காயத்தை மறைக்கவும் இல்லை, எடுத்துக் காட்டினார் என்றார். மற்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டதோ. எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. புது உயிர் என்றால் பழையது ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காயத்தோடேயே எழுந்திருப்பது என்றால், அதற்குக் கடைசி நாள்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கூப்பிட்டது, நான் விழுங்கியது, ஞாயிற்றுக்கிழமை, நீலப் புடவை எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்டா" என்றார்.

இது உண்மையா அக்கா? இல்லை, என் பாரத்தை இறக்க அவர் சொன்னதா? அவர் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. பொய் சொல்லி நான் பார்த்திராத மனுசன். ஆனால் சொல்லும்போது அவர் தாடை ஆடியது.

கொஞ்ச நேரம் கழித்து, கயல் லீவுக்கு மச்சான் வீட்டுக்கு வந்திருக்கிறாளா என்று கேட்டார். வந்திருக்கிறாள் என்றேன். "நாளைக்கு ஆட்டோ சொல்லு. விராலிமலைக்குப் போவோம். அவ என்னைய உள்ள விடாட்டி வாசல்ல ஒக்காந்துட்டு வாரேன்" என்றார். நான் எழுந்து போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இந்தா, இந்த ஞாயித்துக்கெழம கதைய அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்புடாத. அவளுக்கு ஆத்தா வழியில மிஞ்சுனவன் நீ ஒருத்தன்தான். ஏழு வருசமா என் மேல கெடந்த பழி, அப்புடியே கெடந்துட்டுப் போகட்டும்."

சரிப்பா என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் பார், எவ்வளவு சுலபமாக வருகிறது. அப்பா இப்போது வெள்ளை வேட்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாராம், அதைச் சொல்லத்தான் ஸ்டெல்லா போன் பண்ணியிருக்கிறாள், மெசேஜும் போட்டிருக்கிறாள். நான் இங்கே கடையில் உட்கார்ந்துகொண்டு, அவர் கொடுத்த இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டால்தான் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கயலுக்கு நான் ஆசை மாமன். அதை இழக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆனால் அக்கா, உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு ஆட்டோவிலிருந்து முதலில் நான் இறங்குவேன். அப்பா வாக்கரை ஊன்றி வாசலுக்கு வந்து சேருவதற்குள் கயலிடம் சொல்லிவிடுவேன், "ஒங்க தாத்தா வாரேன்னு சொல்லவே இல்லத்தா, மாமாதான் பொய் சொன்னேன்" என்று. அதற்கப்புறம் அவள் யாரை உள்ளே கூப்பிடுகிறாளோ, அது அவள் விருப்பம். அப்பாவின் நாள் வரும்போது வெட்டியானைக் குழிக்குள் இறங்க விடமாட்டேன். நானே இறங்கி, உன்னை என் கையால் எடுத்துத் துணியில் கட்டி, கால்மாட்டில் இல்லை, அவர் தோளோரமாக வைப்பேன். நான் உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது போதும்.

நீ சொல்லி அனுப்பியும் போய்ச் சொல்லாத தம்பி,
அருள்