அவர் சுமக்காத ஒன்று

ஜூன் 2, ஞாயிறு

இன்று ஆராதனையில் அக்கா சாட்சி சொன்னாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் பாவத்தை ஒண்ணுவிடாம அவர் சிலுவையில சுமந்துட்டார். அவரோட இரத்தத்தால நான் கழுவப்பட்டேன்." சபை முழுக்க ஆமென். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முழங்கையைத் தட்டி, "உங்க அக்காவுக்கு எவ்வளவு தாழ்மை பாரு" என்றாள். பார்த்தேன், பார்த்தேன்.

ஒன்றுவிடாமலா? ஒன்றை அவர் சுமக்கவில்லை. அதை நான் சுமந்தேன்.

இரத்தத்தால் கழுவப்பட்டாளாம்! ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் கேட்டிருக்கலாம். இரத்தம் கழுவாது, கறையாகும். தெரியாத்தனமாக வெந்நீரில் போட்டால் ஜென்மத்துக்கும் போகாது.

ஜூன் 3, திங்கள்

படுக்கை விரிப்பு ஒன்றை இஸ்திரி உருளைக்குள் கோணலாக விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர், "உடம்பு இங்க இருக்கு, மனசு எங்க போச்சு?" என்றார்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அக்காவும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தோம். ஒருநாள், இருவரும் ஒரே வார்டில் இருந்தபோது, காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பி வந்த ஒருவர், டிரிப்ஸ் ஏறும் கை எரிகிறது என்று முனகினார். அவரைப் பார்த்துக்கொண்டது அக்கா. "அப்படித்தான் எரியும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

அக்கா அப்போது பிள்ளைத்தாச்சி. அத்தானுக்கு வேலை இல்லை. அம்மா என் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்டிக்கட்டை. நான்தான் பார்த்துக்கிட்டேன்னு சொல்லிடேன்" என்றாள். சொன்னேன். என் வேலை போயிற்று, இனி எங்கேயும் நர்ஸாக இருக்கக் கூடாது என்றும் ஆயிற்று. அக்கா தலைமை நர்ஸ் ஆனாள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூன் 6, வியாழன்

அக்கா மகளிடம் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தாள். ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூன் 9, ஞாயிறு

போதகர் வாசலில் நிறுத்தினார். "நீங்க திருவிருந்து எடுத்து ரொம்ப நாளாச்சே. யார் மேலயாவது கசப்பு இருந்தா விட்டுடுங்கம்மா."

"இருக்குங்க ஐயா. தண்ணி ஊத்தி வளர்த்துட்டு வர்றேன்" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. செய்தது அக்கா. பட்டது கடிகாரக்காரர், அவருக்குப் பிறகு நான். மன்னித்தது ஆண்டவர். நடுவில் எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஜூன் 15, சனி

அக்கா வந்தாள். கேட்டே விட்டேன். "எல்லாத்தையும் அவர் சுமந்தார்னு மைக் புடிச்சுச் சொன்னியே, என் வேலை போனதை யாருடி சுமந்தா?" அக்காவை 'டி' போட்டது இதுதான் முதல் தடவை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அந்தக் கடிகாரக்காரர் உன்னைத் தேடி வந்து மன்னிச்சாரே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஆமாம், வந்தார். கட்டுப் போட்ட கையோடு வந்து, நல்ல கையை என் தலையில் வைத்து, "உன்னை மன்னிச்சுட்டேன் மகளே. தினமும் உனக்காக ஜெபம் பண்றேன்" என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் மனைவி டீ கொடுப்பார்.

"தண்டனை உனக்குப் போச்சு, ஒத்துக்கறேன்" என்றாள் அக்கா. "மன்னிப்பும் உனக்குத்தானே போச்சு? எனக்கு ரெண்டுமே வரலை. மேடையில நின்னு எவ்வளவு சத்தமா சொன்னாலும் மேல ஒட்ட மாட்டேங்குது. நான் அவர்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்."

"வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. வேலை போய்விடும், பிள்ளை படிக்கிறாள் என்று ஏதேதோ சேர்த்துச் சொன்னேன்.

அதெல்லாம் காரணமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஏன் வேண்டாம் என்றேன்? அவள் சொல்லிவிட்டால் நான் யார்? அவள் உருகி உருகி ஜெபிக்கும்போதெல்லாம், 'உன் லட்சணம் எனக்குத் தெரியும்டி' என்று பின்வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தை விட்டு இறங்கச் சொல்கிறாள்.

இறங்க மனசில்லை. சீ, என்ன பிறவி நான்.

ஜூன் 22, சனி

இருவரும் போனோம். கடிகாரக்காரர் இப்போது கடிகார வார் விற்கிறார், பேட்டரி விற்கிறார். பேட்டரியை மாற்றிக் கொடுப்பது அவர் மனைவி. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மழுப்பவில்லை. "எரியுதுன்னு நீங்க சொன்னீங்க. நான் கையைப் பார்க்கலை" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப நான் மன்னிச்சது யாரை?"

"அம்மா கெஞ்சினாங்க ஐயா, அக்கா அப்ப..."

"அது அன்னைக்கு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் வந்து உட்கார்ந்து, டீயைக் குடிச்சுட்டு, உனக்காக நான் பண்ணின ஜெபத்துக்கு ஆமென் சொல்லிட்டுப் போனியே. அது யாரு கெஞ்சி?"

அவர் மனைவி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே வந்துவிட்டோம்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

ஜூன் 28, வெள்ளி

அக்கா ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டாள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்களாம். இத்தனை வருஷம் நான் கேட்டது இதைத்தானே? சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம். பிறகு அவள் வீட்டு வாடகை நினைவுக்கு வந்துவிட்டது.

ஜூலை 6, சனி

அக்கா போன் செய்தாள். மூச்சுத் திணறுகிற மாதிரி அழுகை. கடிகாரக்காரர் கூப்பிட்டனுப்பினாராம். தலையில் கை வைத்தாராம். "மன்னிச்சுட்டேன்னு சொன்னார்டி. என் பேரைச் சொல்லி."

"என்னைப் பத்தி?"

பலமுறை கேட்ட பிறகு சொன்னாள்: "கேட்டேன். 'அவளுக்கு முடியலைம்மா, என்னால இன்னும் முடியலை'ன்னார்."

விரல் போகக் காரணமானவளுக்கு மன்னிப்பு. வேலையை விட்டவளுக்கு இல்லை! என்ன கணக்கு இது? சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று: அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ராத்திரி முழுக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். தனியாக. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்?" கடைக்கு வருகிற யாரையும் கேட்பது போலத்தான் கேட்டார்.

"மன்னிப்பு" என்றேன். "இந்தத் தடவை எனக்கு."

உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.